எல்லா அறிவையும் ஒன்றாகக் கட்டப் பார்த்தவர்கள்: 1600களில் மட்டும் ஏன் இத்தனை பேர்?

செங்காங்வாசி:

வணக்கம். மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் 'நாலெட்ஜ் அண்ட் இன்குவைரி' என்று ஒரு பாடம் எடுத்திருக்கிறாள். அறிவு என்றால் என்ன, அது எப்படி உண்டாகிறது, எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பேசுகிற பாடம். மேசையில் கிடந்த அவளுடைய குறிப்புகளைச் சும்மா புரட்டப் போய் நான் மாட்டிக்கொண்டேன். இப்போது துவாஸுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் இதைத்தான் படித்துக்கொண்டு போகிறேன்.

விஷயம் இதுதான். 1605இல் இங்கிலாந்துக்காரர் பிரான்சிஸ் பேக்கன் அறிவுத் துறைகளை எல்லாம் வரிசைப்படுத்தி, எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று பட்டியல் போடுகிறார். 1620இல் எல்லாவற்றையும் அடித்தளத்திலிருந்து திரும்பக் கட்டுவோம் என்று ஆறு பகுதித் திட்டம் ஒன்றை அறிவிக்கிறார். 1630இல் ஆல்ஸ்டெட் என்ற ஜெர்மன் பேராசிரியர் ஏழு பகுதிகளில் ஒரு கலைக்களஞ்சியத்தையே வெளியிடுகிறார், அதுவும் ஒற்றை ஆளாக. அவரிடம் படித்த கொமெனியஸ் எல்லோருக்கும் எல்லாவற்றையும் கற்பித்துவிடலாம் என்கிறார், அந்த முழு அறிவுக்கு 'பான்சோஃபியா' என்று பேரும் வைக்கிறார். லண்டனில் ஹார்ட்லிப் என்ற ஒருவர் ஐரோப்பா முழுக்கக் கடிதம் எழுதி எல்லாரையும் இணைக்கப் பார்க்கிறார். 1668இல் வில்கின்ஸ் என்ற பாதிரியார் உலகத்துக்கே பொதுவாக ஒரு மொழியைச் செய்கிறார். இதற்கு மேல் லைப்னிட்ஸ் என்ற ஜெர்மன் தத்துவவாதி வேறு, சண்டை வந்தால் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்று.

நமக்கெல்லாம் 'கற்றது கைம்மண் அளவு' என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். இவர்கள் மொத்தமாக அள்ளிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். ஏன் அந்த நூற்றாண்டில் மட்டும் இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் இந்த ஆசை வந்தது? மகளிடம் கேட்டேன், "அதெல்லாம் சயின்ஸ் வருவதற்கு முன்னால் பா, எல்லாமே ஃபெயிலியர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏடுதூக்கி:

செங்காங் அண்ணே, இது ஆசை என்பதைவிட பயம் என்று சொல்வேன். வரைபடத்தையும் தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

1618இல் முப்பதாண்டுப் போர் தொடங்குகிறது, 1648 வரை ஓய்வில்லை. கொமெனியஸ் மொராவியாவில் பிறந்தவர், போஹீமியச் சகோதரர்கள் என்ற சிறிய புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர். 1620இல் பிராக் பக்கத்தில் வெள்ளைமலைச் சண்டையில் அவர் பக்கம் தோற்றதோடு அந்த மக்களுக்குச் சொந்த ஊரில் இடமில்லாமல் போய்விட்டது. மனிதர் ஒளிந்து திரிகிறார், முதல் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொள்ளைநோயில் போய்ச் சேர்கிறார்கள், 1628இல் போலந்தில் லெஷ்னோ என்ற ஊருக்கு ஓடுகிறார். ஆல்ஸ்டெட் கதையும் அதேதான்: அவர் பாடம் நடத்திய ஹெர்போர்ன் போரில் சீரழிய, 1629இல் திரான்சில்வேனியாவுக்குப் போனவர் அங்கேயே 1638இல் இறந்தார். ஹார்ட்லிப் பால்டிக் கரையில் எல்பிங் என்ற ஊர்க்காரர், அவரும் 1628 வாக்கில் லண்டனில் குடியேறியவர். அவருடைய கூட்டாளி ஜான் ட்யூரி, லூத்தரன் சபையையும் கால்வினியச் சபையையும் சமாதானப்படுத்துகிறேன் என்று வாழ்நாள் முழுக்க ஐரோப்பாவைச் சுற்றினவர். பெரும்பாலும் எல்லாருமே அகதிகள், அல்லது அகதிகளோடு ஒட்டிக்கொண்டவர்கள்.

அவர்கள் போட்ட கணக்கு இப்படி. ஆளுக்கு ஒரு துண்டை வைத்துக்கொண்டு அதுதான் முழுசு என்று நினைப்பதால்தான் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். முழுசையும் எல்லார் கண்ணுக்கும் காட்டிவிட்டால் சண்டைக்குக் காரணமே இருக்காது. அதனால்தான் கொமெனியஸின் திட்டத்தில் பள்ளிக்கூடமும் சபையும் அரசியலும் ஒரே மூச்சில் வருகின்றன. அறிவைச் சீர்திருத்துவது அவருக்கு சமாதான முயற்சி, நூலகத்துக்கு அலமாரி அடிக்கிற வேலை இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இன்றைக்கு நாம் இதை எளிதில் தவறவிடுவோம். இவர்களில் பலர் உலகத்தின் கடைசிக் காலம் நெருங்கிவிட்டது என்று உண்மையாகவே நம்பியவர்கள். ஆல்ஸ்டெட் பைபிள் கணக்கு வைத்து கிறிஸ்துவின் ஆயிரமாண்டு ஆட்சி 1694இல் தொடங்கும் என்று எழுதினார். பேக்கனின் 1620 நூலின் முகப்புப் படத்தில் கப்பல் ஒன்று இரண்டு தூண்களுக்கு நடுவே கடலுக்குள் போகும், அதன் கீழே தானியேல் புத்தகத்து வசனம் லத்தீனில் இருக்கும், பலரும் அங்குமிங்கும் போவார்கள், அறிவும் பெருகும் என்று. ஆதாம் தோட்டத்தில் இழந்ததைக் கடைசி நாளுக்கு முன்னால் மீட்டாக வேண்டும் என்கிற அவசரம்.

அப்புறம் புத்தக வெள்ளம். அச்சு வந்து நூறு வருஷத்துக்குள்ளேயே, 1545இல், சூரிச்சில் கெஸ்னர் என்பவர் லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு மூன்றிலும் இருக்கிற நூல்களைப் பட்டியல் போட உட்கார்ந்தார், சுமார் 3,000 ஆசிரியர்கள் தேறினார்கள். அதற்கடுத்த நூறு வருஷத்தில் என்ன ஆகியிருக்கும்? எதைப் படிப்பது, எதை விடுவது என்று தெரியாத ஒரு தலைமுறைதான் சுருக்கமும் அட்டவணையும் கேட்கிறது.

கேலாங்_கணக்கன்:

ஏடுதூக்கி சார் சொன்ன பின்னணி சரி. ஆனால் பேக்கனையும் கொமெனியஸையும் ஒரே வண்டியில் ஏற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் கேள்வியே அங்கேதான் சறுக்குகிறது.

பேக்கன் அகதி இல்லை, சட்டம் படித்து இங்கிலாந்தின் லார்ட் சான்சலர் வரை போனவர். போர் தொடங்குவதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பே, 1605லேயே இந்த வேலையில் இறங்கிவிட்டார். அவர் சொன்னது அறிவை முழுசாகக் கட்டி முடித்துவிட்டேன் என்று இல்லை. இன்னும் எதுவுமே ஒழுங்காகத் தெரியாது, அவசரப்பட்டு மூடிவிடாதே என்பதுதான் அவர் கட்சி. 1620 நூலின் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது, முதலில் திரட்ட வேண்டிய 130 'வரலாறுகள்': காற்று, மழை, உலோகம் என்று போய், சமையல், சாயம் போடுவது, கண்ணாடி செய்வது என்று கைத்தொழில் வரைக்கும். மனித மூளை எப்படியெல்லாம் ஏமாறும் என்று நான்கு வகை 'விக்கிரகங்கள்' சொன்னாரே, அதில் முதல் வகையே இதுதான், இல்லாத ஒழுங்கை இருப்பதாகக் காண்பது மனித இயல்பு என்று. அந்த ஆளைக் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்கு உண்டு என்று நம்பினவர்களோடு உட்கார வைத்தால் எப்படி?

கொமெனியஸ் வேறு ரகம். அவருக்கு அறிவு மூன்று வழியில் வரும்: புலன், பகுத்தறிவு, வேதம். மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படாது, மூன்றையும் இசைத்தால் முழுமை கிடைக்கும். இதில் வேதம் உள்ளே வந்ததும் பலர் விலகிவிட்டார்கள். 1642இல் அவர் ஹாலந்தில் எண்டகீஸ்ட் என்ற இடத்தில் பிரெஞ்சுத் தத்துவவாதி டேக்கார்ட்டைப் போய்ப் பார்த்தார், நான்கு மணி நேரம் பேசினார்கள். கொமெனியஸே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்: நான் தத்துவத்தின் எல்லையைத் தாண்ட மாட்டேன், உங்களிடம் முழுசாக இருப்பதில் என்னுடையது ஒரு பகுதியாகத்தான் இருக்கும் என்று டேக்கார்ட் மரியாதையாகச் சொல்லி அனுப்பினாராம். 'உங்கள் கடையில் நான் சரக்கு வாங்க மாட்டேன்' என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. என் கணக்கில் நவீன அறிவியல் அந்த அறையில்தான் இரண்டாகப் பிரிந்தது. நீங்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

ஏடுதூக்கி:

கணக்கரே, பிரிந்தது சரி, ஆனால் அந்த ஒரு நாளில் பிரிந்துவிடவில்லை. லண்டனில் கொமெனியஸை வரவேற்றவர்கள் எல்லாரும் பேக்கனைப் படித்தவர்கள். அவர்களுக்கு இரண்டு பேரும் ஒரே கட்சிதான். 1637இல் ஹார்ட்லிப் கொமெனியஸ் அனுப்பிய வரைவை அவரிடம் கேட்காமலேயே ஆக்ஸ்ஃபர்டில் அச்சடித்துப் பரப்பிவிட்டார், மனிதருக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1641இல் அவரை லண்டனுக்கே அழைத்தார். பாராளுமன்றம் ஒரு கல்லூரி தரும், பல நாட்டு அறிஞர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று பேச்சு. அதற்கு மாதிரியே பேக்கன் 'நியூ அட்லாண்டிஸ்' கதையில் எழுதிய சாலமோன் மாளிகை என்ற கற்பனை ஆராய்ச்சிக்கூடம்தான். ஆனால் அதற்குள் அயர்லாந்தில் கலகம், அடுத்து இங்கிலாந்திலேயே உள்நாட்டுப் போர். 1642இல் அவர் கப்பலேறிவிட்டார். போரிலிருந்து தப்பி வந்தவரைப் போரே அங்கிருந்தும் விரட்டியது.

நூலகப்பூனை:

நான் நூலக வேலை பார்க்கிறவள், அதனால் எல்லாரும் மேலே பார்க்கும்போது நான் அலமாரியைத்தான் பார்ப்பேன். செங்காங் அண்ணே, உங்கள் மகள் ஃபெயிலியர் என்றாளே, அவளை அடுத்த வாரம் எந்தப் பொது நூலகத்துக்காவது கூட்டிக்கொண்டு போங்கள். நம் நூலகங்களில் புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண் டூயி முறை, 1876இல் அமெரிக்காவில் வந்தது. அதன் அடியில் உட்கார்ந்திருப்பவர் பேக்கன்தான்.

பேக்கன் அறிவை மனதின் மூன்று திறமைகளை வைத்துப் பிரித்தார். நினைவிலிருந்து வரலாறு, கற்பனையிலிருந்து கவிதை, பகுத்தறிவிலிருந்து தத்துவம். டூயிக்கு முன்னால் ஹாரிஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு நூலகத்துக்காக இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டார், டூயி அந்த வரிசையை எடுத்துக்கொண்டு எண் கொடுத்தார். 100இல் தத்துவம் தொடங்கி சமயம், சமூகவியல், மொழி, அறிவியல், தொழில்நுட்பம் என்று பகுத்தறிவுப் பகுதி நீண்டுகொண்டே போகும், 700இலும் 800இலும் கலையும் இலக்கியமும், 900இல் வரலாறு. பகுத்தறிவு, கற்பனை, நினைவு. நடந்து பார்த்தால் 1605ஆம் வருஷத்து வரைபடத்தைப் பின்னாலிருந்து முன்னால் நடக்கிறோம். தோற்றுப்போன திட்டம் என்றால் இவ்வளவு காலம் நிற்குமா?

அதே சமயம் தோற்றது எது என்பதும் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. ஆல்ஸ்டெட் எழுதியது கலைக்களஞ்சியம் என்றாலும் அகரவரிசை கிடையாது. பாரிஸில் ராமுஸ் என்ற ஆசிரியர் (1572 படுகொலையில் செத்தவர்) எதையும் இரண்டிரண்டாகப் பிரித்துக் கிளைக் கிளையாக அட்டவணை போடும் பழக்கத்தைப் பரப்பிவிட்டுப் போயிருந்தார். ஆல்ஸ்டெட் அந்தப் பாணியில் அட்டவணை அட்டவணையாக அடுக்குவார். எந்தத் துறை எந்தத் துறையிலிருந்து முளைக்கிறது என்று தெரிந்தால்தான் நீங்கள் தேடுவது கிடைக்கும். 1728இல் லண்டனில் சேம்பர்ஸ் தன் 'சைக்ளோபீடியா'வை அகரவரிசையில் போட்டதும் ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1751இல் பிரான்சில் தொடங்கிய திதரோ, தலம்பேர் கலைக்களஞ்சியம் இரண்டையும் வைத்துக்கொண்டது: முன்னால் பேக்கன் பாணியில் ஒரு பெரிய அறிவு மரம், உள்ளே அகரவரிசை. மொத்தம் 28 தொகுதி, அதில் 11 படங்களுக்கு மட்டும். மரத்தைப் பார்த்து யாரும் தேடியிருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். முன்னால் அழகுக்கு நின்றது.

தமிழிலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது, கிட்டத்தட்ட அதே நேரத்தில். நம் நிகண்டுகள் எப்படி? திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாம் பொருள் வகைப்படி. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று போகும். உலகத்தையே தொகுதி தொகுதியாக அடுக்கி வைத்து, அதைச் செய்யுளாக மனப்பாடம் செய்துவிட்டால் அலமாரி தலைக்குள் வந்துவிடும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோதுதான் அகரவரிசை முறை சொல் தேடுகிறவர் கைக்கு வசதியாக வந்தது. மனப்பாடம் இருந்த வரைக்கும் வகை வேண்டும், புரட்டிப் பார்ப்பது வந்ததும் அகரவரிசை போதும். ஐரோப்பாவிலும் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன், தத்துவமெல்லாம் அப்புறம்.

செங்காங்வாசி:

பூனையக்கா, 900இல் வரலாறு ஏன் கடைசியில் நிற்கிறது என்று இத்தனை வருஷமாக நான் யோசித்ததே இல்லை. ரொம்ப நன்றி. மகளிடம் இன்றைக்கு ராத்திரியே சொல்கிறேன், கேட்பாளா என்று தெரியாது.

ஒரு துணைக் கேள்வி. வில்கின்ஸ் மொழியும் லைப்னிட்ஸ் கணக்கும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எல்லாரும் புரிந்துகொள்ளும் மொழி என்றால் எஸ்பெராண்டோ மாதிரியா?

நிரல்_நாய்:

இல்லை சார். எஸ்பெராண்டோ இருக்கிற மொழிகளை எளிமைப்படுத்தியது. வில்கின்ஸ் செய்தது வேறு. நான் டேட்டாபேஸ் வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன், இந்த ஆளைப் படித்தபோது சக ஊழியர் ஒருவரைப் படிப்பது மாதிரியே இருந்தது.

அவர் முதலில் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் 40 பெரும் வகைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு வகைக்கும் இரண்டு எழுத்து. வகைக்குள் பிரிவுக்கு ஒரு மெய், பிரிவுக்குள் இனத்துக்கு ஓர் உயிர். உதாரணம்: 'டெ' என்றால் இயற்கைப் பூதம், 'டெப்' என்றால் பூதங்களில் முதலாவதான நெருப்பு, 'டெபா' என்றால் அந்த நெருப்பில் ஒரு பகுதியான சுடர். வார்த்தையைக் கேட்டாலே அந்தப் பொருள் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். மொழி கற்றுக்கொண்டால் கலைக்களஞ்சியத்தையும் கற்றுக்கொண்டதாகிவிடும். அச்சில் இருந்த பிரதிகளை 1666 லண்டன் தீ விழுங்கியது, மனிதர் விடாமல் திரும்ப உட்கார்ந்து 1668இல் வெளியிட்டார். லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் முதல் செயலர்களில் ஒருவர் அவர், லேசான ஆள் இல்லை. ராபர்ட் ஹூக் கைக்கடிகாரத்தின் பொறியமைப்பு ஒன்றை இந்த எழுத்திலேயே எழுதி அச்சிட்டிருக்கிறார்.

எங்கே உடைந்தது என்று கேட்டால் செடிகளில். செடி அட்டவணை போட்டுக் கொடுத்தவர் ஜான் ரே, அந்தக் காலத்தின் பெரிய தாவர அறிஞர். வில்கின்ஸின் சட்டத்துக்காக ஒவ்வொரு வகையையும் இத்தனை பிரிவாகத்தான் பிரிக்க வேண்டும் என்று கட்டாயம், இயற்கை எப்படி இருந்தாலும் சரி. ரே அப்புறம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார், இயற்கை காட்டும் வழியில் போக விடாமல் ஆசிரியரின் முறைக்குள் திணிக்க வேண்டியிருந்தது என்று. பெயருக்குள்ளேயே வகைப்பாட்டை வைத்துத் தைத்துவிட்டால் நாளைக்கு வகைப்பாடு மாறும்போது மொழியையே மாற்ற வேண்டும். எங்கள் தொழிலில் முதல் வருஷமே சொல்லித் தருவார்கள், அடையாள எண்ணுக்குள் அர்த்தத்தை ஒளிக்காதே என்று. வில்கின்ஸ் ஒளித்தார்.

லைப்னிட்ஸுக்கு இது தெரியும். அதனால் அவர் பொருள்களை விட்டுவிட்டுக் கருத்துகளைப் பிடித்தார். எளிய கருத்துகளுக்குப் பகா எண் கொடு, கூட்டுக் கருத்து பெருக்கலில் வரும். விலங்கு 2, பகுத்தறிவு உள்ளது 3 என்றால் மனிதன் 6. மனிதன் விலங்கா என்று யாராவது கேட்டால் 6ஐ 2ஆல் வகுத்துப் பார், மீதி வராது, ஆமாம். 1679 வாக்கில் இப்படிப் பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். முறை ஓடுகிறது, எளிய கருத்துகள் எவை என்ற பட்டியல்தான் கடைசி வரை வரவில்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே மயோர்க்கா தீவில் ரமோன் லுல் என்பவர் ஒன்றுக்குள் ஒன்று சுழலும் காகித வட்டங்களில் ஒன்பது எழுத்துகளை வைத்துத் திருப்பித் திருப்பி, எல்லா உண்மையும் இந்தச் சேர்க்கைகளில் வரும் என்றார். லைப்னிட்ஸ் இருபது வயதில், 1666இல், எழுதிய நூல் அவரிடமிருந்துதான் கிளம்புகிறது.

யாராவது வந்து அப்படியென்றால் இப்போது ஏஐ அதைச் செய்துவிட்டதே என்று கிளப்புவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: இல்லை. இன்றைய மொழி மாதிரிகள் எளிய கருத்துப் பட்டியல் எதுவும் இல்லாமல் ஓடுகின்றன. லைப்னிட்ஸ் பார்த்தால் ஆச்சரியப்படுவார், அப்புறம் விடை சரியா என்று வகுத்துப் பார்க்க முடியாது என்று தெரிந்ததும் கோபப்படுவார்.

கேலாங்_கணக்கன்:

நிரல் தம்பி, கடைசி வரிக்கு ஒரு கோப்பி என் கணக்கில்.

கொள்ளிட_மைந்தன்:

இவ்வளவு பேசினீர்கள், நம்ம ஊர்ப் பக்கம் ஒரு கதவு திறந்திருக்கிறது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் மயிலாடுதுறைப் பக்கத்து ஆள், இங்கே கட்டுமான வேலையில் இருக்கிறேன். தரங்கம்பாடி எங்களுக்குக் கூப்பிடு தூரம்.

கொமெனியஸ் கடைசி இருபத்தைந்து வருஷம் ஒரு பெரிய நூல் எழுதிக்கொண்டிருந்தார். மனித காரியங்கள் எல்லாவற்றையும் திருத்துவது பற்றி எல்லாரோடும் ஒரு பொது ஆலோசனை, ஏழு பகுதி. 1656இல் லெஷ்னோ எரிந்தபோது அவருடைய கைப்பிரதிகள் ஏராளமாகப் போய்விட்டன, நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்த்த செக்-லத்தீன் அகராதி உட்பட. ஆம்ஸ்டர்டாமில் திரும்பத் தொடங்கினார். 1670இல் இறக்கும்போது முடியவில்லை. அந்தக் கைப்பிரதி எங்கே போனது என்றே தெரியாமல் இருந்து 1930களில்தான் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் கிடைத்தது, முழுசாக அச்சானது 1966இல் பிராகில்.

ஹாலேயில் எந்த இடம் தெரியுமா? ஃபிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய அநாதை இல்ல வளாகம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் எந்த ஆட்களின் கையிலிருந்து 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினாரோ அதே இடம். டென்மார்க் ராஜா அனுப்பினார் என்றாலும் அச்சகம், எழுத்து, பணம், ஆள் என்று பின்னால் நின்றது ஹாலேதான். தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. ஆக உலக அறிவை ஒன்றாகக் கட்ட நினைத்தவரின் காகிதக் கட்டும் நம் ஓலைக் கட்டும் ஒரே வளாகத்தில் இரண்டு நூற்றாண்டு தூங்கியிருக்கின்றன.

சீகன்பால்க்கும் வந்த இரண்டாவது வருஷமே, 1708இல், தான் திரட்டிய தமிழ் நூல்களுக்கு ஒவ்வொன்றாகக் குறிப்பு எழுதி ஒரு பட்டியல் அனுப்பினார். தொல்காப்பியம் முதல் கணக்குப் புத்தகம் வரை வகை பார்க்காமல் சேர்க்கிற புத்தி அவருக்கும் இருந்தது. ஆனால் 1713இல் தென்னிந்திய தெய்வங்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதி அனுப்பினபோது ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். அது 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. எல்லாருக்கும் எல்லாமும் என்று சொன்ன மரபில் வந்தவர்களுக்கு நம் எல்லாம் அந்த எல்லாத்தில் சேரவில்லை. ஏடுதூக்கி சார் சமாதான முயற்சி என்று சொன்னார். யாருடைய சமாதானம் என்றும் கேட்க வேண்டும் இல்லையா?

ஏடுதூக்கி:

கேட்க வேண்டிய கேள்விதான் கொள்ளிடத்தாரே. கொமெனியஸ் துருக்கியையும் திட்டத்துக்குள் வைத்திருந்தார், பைபிளைத் துருக்கியில் மொழிபெயர்க்க வைக்கும் முயற்சியில் அவருக்குப் பங்கு உண்டு. உள்ளே அழைப்பார், ஆனால் வாசல் அவருடைய வாசல்தான். இதில் நான் அவருக்காக வாதாடப் போவதில்லை.

ஆனால் அவர் மற்றவர்களைவிடத் தெளிவாகப் பார்த்த ஓர் இடம் இருக்கிறது. 1668இல், வில்கின்ஸ் நூல் வந்த அதே வருஷம், லண்டனில் இருந்தபோது எழுதிய 'ஒளியின் வழி'யை ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டு ராயல் சொசைட்டிக்குச் சமர்ப்பணம் செய்தார். முதலில் பாராட்டு. அடுத்து எச்சரிக்கை: இயற்கை ஆராய்ச்சி முதல் படி மட்டுமே, நீங்கள் அதோடு நின்றுவிட்டால் தலைகீழ் பாபேல் கோபுரம்தான் கட்டுவீர்கள், வானத்தை நோக்கி இல்லை, மண்ணை நோக்கி. அவர்கள் அதோடுதான் நின்றார்கள். மதமும் அரசியலும் பேச மாட்டோம் என்ற அந்தக் கட்டுப்பாடுதான் சொசைட்டியை உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் பிழைக்க வைத்தது என்பதும் உண்மை.

கேலாங்_கணக்கன்:

அப்படியென்றால் நான் சொன்ன பிரிவு 1668இலும் நடக்கிறது, நீங்கள் என் பக்கம் வந்துவிட்டீர்கள். சரி, விடுங்கள்.

எனக்கு இந்தக் கூட்டத்தில் பிடித்தவர் ஹார்ட்லிப்தான், அவருக்கென்று சொந்தத் தத்துவமே கிடையாது. தேனீ வளர்ப்பு, உரம், பட்டுப்புழு, பள்ளிக்கூடம், வாய்க்கால், எதைப் பற்றி யார் எழுதினாலும் நகல் எடுத்துத் தேவைப்படுகிற ஆளுக்கு அனுப்புவார். கவிஞர் மில்டன் கல்வி பற்றி 1644இல் எழுதிய சிறு நூல் அவருக்கு எழுதிய கடிதம்தான். 1655இல் தேனீக்கள் பற்றிப் போட்ட புத்தகத்தில், பிற்பாடு செயின்ட் பால் தேவாலயம் கட்டிய கிறிஸ்டோபர் ரென் வரைந்த கண்ணாடித் தேன்கூடு இருக்கிறது. நாட்டுக்கே ஒரு தகவல் அலுவலகம் வேண்டும், வேலை தேடுகிறவனும் ஆராய்ச்சி செய்கிறவனும் ஒரே இடத்தில் வந்து கேட்கலாம் என்று பாராளுமன்றத்தை நச்சரித்தார். உதவித்தொகை தருவதாகச் சொன்னார்கள், ஒழுங்காக வரவில்லை. 1662இல் கடனோடு செத்தார். அவருடைய காகிதங்கள் 1933இல் லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிடைத்தன, இப்போது ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவர் வட்டத்தில் பழகிய ஓல்டன்பர்க்தான் ராயல் சொசைட்டி செயலராகி 1665இல் அறிவியல் இதழ் ஒன்றைத் தொடங்கினார், அது இன்னும் வருகிறது. மகளிடம் இதைச் சொல்லுங்கள் செங்காங்காரரே. பேராசை பிடித்தவர்களின் கட்டடம் எதுவும் நிற்கவில்லை, தபால்காரரின் பழக்கம் நின்றுவிட்டது.

செங்காங்வாசி:

எல்லாருக்கும் நன்றி. மகளிடம் அலமாரி விஷயத்தைச் சொன்னேன், போனை எடுத்துச் சரிபார்த்துவிட்டு "ஓகே, இது நல்லா இருக்கு" என்றாள். அது எங்கள் வீட்டில் பெரிய பாராட்டு. கட்டுரையை பேக்கனா கொமெனியஸா என்று எழுதலாமா என யோசிக்கிறாள். கொமெனியஸை நேரடியாகக் கொஞ்சம் படிக்க வேண்டுமாம். தடிப் புத்தகம் வேண்டாம், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

நூலகப்பூனை:

1658இல் நியூரம்பர்க்கில் வந்த பட உலகம், 'ஆர்பிஸ் பிக்டஸ்'. அடுத்த வருஷமே ஆங்கிலத்திலும் வந்துவிட்டது, பழைய பதிப்புகளின் ஸ்கேன் இணையத்தில் இலவசம். 150 பாடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், படத்தில் எண், எண்ணுக்கு நேராக லத்தீனிலும் சொந்த மொழியிலும் வார்த்தை. கடவுளில் தொடங்கி கடைசித் தீர்ப்பில் முடியும், நடுவில் ரொட்டி சுடுவது, மீன்பிடிப்பு, முடிதிருத்துபவர், புத்தகக் கடை, கிரகணம், விபத்தில் கவிழ்கிற கப்பல் எல்லாம் உண்டு. முதல் பக்கங்களில் எழுத்து கற்பிக்க விலங்குச் சத்தம் வைத்திருப்பார், காக்கை 'ஆ ஆ' என்று கத்தும்.

கணக்கர் சொன்ன வேறுபாட்டைப் பற்றி எழுதுவதாக இருந்தால் இந்தப் புத்தகத்தின் பாட வரிசையையும் பேக்கனின் 130 பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டிலும் சமையலும் கைத்தொழிலும் வருகின்றன. ஒருவர் பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதுகிறார், இன்னொருவர் ஆராய்ச்சிக்குப் பணம் தர வேண்டிய ராஜாவுக்கு எழுதுகிறார். கட்டுரை அங்கேயே கிடைத்துவிடும்.

நிரல்_நாய்:

ஸ்கேன் இறக்கும்போது ஹூல் என்பவரின் ஆங்கிலப் பதிப்பைத் தேடச் சொல்லுங்கள். சில பிரதிகளில் படங்கள் மங்கலாக இருக்கும், இரண்டு மூன்றைத் திறந்து பார்த்துவிட்டு எடுக்கட்டும்.